யாரும் 'செய்' என்று சொல்வதில்லை: பதின்வயதுப் படங்களைப் பிள்ளைகளோடு பார்த்த அனுபவம்

பியர் பிரஷர், சகவயதினர் அழுத்தம் என்று சொன்னதும் பெரியவர்கள் மனதில் ஓடும் காட்சி அநேகமாக ஒன்றேதான். நாலு பேர் சுற்றி நிற்பார்கள், ஒருவன் சிகரெட்டை நீட்டுவான், "என்னடா, பயமா?" என்பான், நம் பிள்ளை நிமிர்ந்து நின்று "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்துபோக வேண்டும். விழிப்புணர்வுக் குறும்படங்கள் பெரும்பாலும் இதையே ஆளை மாற்றி, இடத்தை மாற்றி எடுக்கின்றன. என் வீட்டில் இருக்கும் இரண்டு பதின்வயதுகளுக்கும் அவற்றைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. "இப்படியெல்லாம் யாரும் வந்து கேக்க மாட்டாங்கம்மா" என்பாள் மகள். மகன் அவளைவிட மூத்தவன், அவன் கருத்தே சொல்ல மாட்டான், எழுந்து போய்விடுவான்.

அவள் சொல்வது சரி. கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளப் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றி உருப்படியாக எடுக்கப்பட்ட படங்களைப் பாருங்கள். முக்கியமான இடத்தில் பெரும்பாலும் யாரும் எதையும் கேட்பதில்லை, கட்டாயப்படுத்துவதில்லை. பிள்ளை தானாகவே செய்கிறது. கேட்டால்தானே மறுக்க முடியும்? கேள்வியே வராத இடத்துக்கு 'வேண்டாம்' என்ற பதிலைப் பழக்கி அனுப்பி என்ன செய்வது? இது பிடிபட்ட பிறகு வீட்டில் நாங்கள் படம் பார்க்கும் விதமும் அதைப் பற்றிப் பேசும் விதமும் மாறின. அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஏற்பாடு எளிது. வார இறுதியில் ஒரு இரவு, மூன்று பேரும் முறை வைத்துப் படம் தேர்ந்தெடுப்போம், மற்ற இருவரும் முனகாமல் பார்க்க வேண்டும். மகன் முறை வந்தால் கார் துரத்தல், மகள் முறை வந்தால் பேய். என் முறையில் நான் பள்ளிக்கூடப் படங்களாக எடுக்க ஆரம்பித்ததற்குக் காரணம் இருந்தது. மகளுக்கு அப்போது தோழிகள் வட்டம் மாறிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக வீட்டில் ஒலித்த ஒரு பேர் திடீரென்று காணாமல் போனது, புதுப் பேர்கள் வந்தன, ஆசை ஆசையாக வாங்கிய பை "சின்னப் புள்ள மாதிரி இருக்கு" என்று அலமாரிக்குள் போனது, அவள் சிரிப்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டால் "ஒண்ணுமில்ல". அந்த ஒண்ணுமில்லவைத் தாண்டி நேராக உள்ளே போக முடியாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளை வளர்க்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

முதலில் நான் தனியாகப் பார்த்தது 'தர்ட்டீன்'. கேத்தரின் ஹார்ட்விக் இயக்கி 2003இல் வந்த படம். அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய நிக்கி ரீடுக்கு எழுதும்போது வயது 13. தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதியவர், படத்தில் கெட்டுப்போகிற பெண்ணாக நடிக்காமல், அவளைக் கெடுப்பதாக எல்லோரும் நினைக்கும் ஈவியாக நடித்திருக்கிறார் (இதுவே யோசிக்க வேண்டிய விஷயம்). நன்றாகப் படிக்கும் டிரேசி, பள்ளியே திரும்பிப் பார்க்கும் ஈவியோடு சேர ஆசைப்படுகிறாள். ஈவி கொடுத்த போன் நம்பரே பொய். இவள் விடாமல் கடைத்தெருவில் தேடிப்போய்ச் சேர்ந்துகொள்கிறாள். அங்கே ஈவி கடையில் பொருள் திருடுவதைப் பார்த்துச் சங்கடப்பட்டு வெளியே வந்து உட்கார்கிறாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த வசதியான பெண்ணுக்குக் கவனம் வேறெங்கோ இருக்கிறது. டிரேசி அவளுடைய பர்ஸை எடுத்துவிடுகிறாள்! ஈவிகூட அப்போது பக்கத்தில் இல்லை, யாரும் எடு என்று சொல்லவில்லை. திருட்டைப் பார்த்துப் பயந்து வெளியே வந்தவள்தான் அடுத்த நிமிடமே திருடுகிறாள், அதுவும் மற்றவர்களைவிடப் பெரிதாக. அந்தப் பணத்தை வைத்துத்தான் உள்ளே போகிறாள். எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கும் எந்த 'வேண்டாம்' அங்கே உதவும்? படம் கடுமையானது, அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் (17 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்) பெற்றது, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க நான் சொல்ல மாட்டேன். பெற்றோர் பார்க்க வேண்டிய படம் அது.

மூவரும் சேர்ந்து பார்த்ததில் நல்ல தொடக்கமாக அமைந்தது 'இன்சைட் அவுட் 2' (2024), மனதுக்குள் நடப்பதையே உருவமாகக் காட்டும் அனிமேஷன் படம். 13 வயது ரைலி ஐஸ் ஹாக்கி முகாமுக்குப் போகிறாள். உயிர்த்தோழிகள் இரண்டு பேரும் அடுத்த வருடம் வேறு பள்ளி என்பது போகும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. முகாமில் எல்லோரும் வியந்து பார்க்கும் வேல் என்ற மூத்த ஆட்டக்காரியும் அவள் கூட்டமும் இருக்கிறார்கள். பேச்சு பாட்டுப் பக்கம் திரும்புகிறது. ரைலிக்கு உயிரான ஒரு பாட்டுக் குழு, மூத்தவர்களுக்குக் கேலிப்பொருள். அது தெரிந்ததும் தனக்கும் பிடிக்காததுபோல நக்கலான குரலில் பேசிவிடுகிறாள், பழைய தோழிகளுக்கோ ஒன்றும் புரியவில்லை, முகம் வாடிவிடுகிறது. அந்த நக்கலால் ரைலியின் மனதுக்குள் பெரிய பள்ளம் ஒன்று பிளப்பதாக எடுத்திருக்கிறார்கள். சிரிப்புக்காக வைத்த காட்சிதான், ஆனால் என் மகள் சிரிக்கவில்லை.

அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று கிரெட்டா கெர்விக்கின் 'லேடி பேர்ட்' படத்தில் (2017) இருக்கிறது. நாயகி தன் வீட்டைச் சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாருடைய பெரிய வீட்டையோ தன் வீடு என்று சொல்லிக்கொள்பவள், பணக்காரத் தோழிக்காக உயிர்த்தோழி ஜூலியைக் கைவிட்டவள். பள்ளி நடன இரவன்று புதுக் கூட்டத்தோடு காரில் போகும்போது ரேடியோவில் ஒரு பாட்டு வருகிறது. உடனிருக்கும் பையன் அந்தப் பாட்டே தனக்கு ஆகாது என்கிறான். அவள் தனக்குப் பிடிக்கும் என்கிறாள். பெரிய சண்டையோ பிரசங்கமோ இல்லை. பாட்டு பிடிக்கும் என்று சொன்னவளுக்கு, நடனத்துக்குப் போகவும் ஆசை என்று சொல்ல வாய் வருகிறது, அப்புறம் தன்னை ஜூலி வீட்டில் இறக்கிவிடச் சொல்கிறாள். ரைலி சறுக்கியதும் ஒரு பாட்டு விஷயத்தில், இவள் எழுந்ததும் ஒரு பாட்டு விஷயத்தில். சிகரெட், மது, திருட்டு எல்லாம் பின்னால் வருபவை. தொடங்குவது எப்போதும் இந்த மாதிரி அற்ப விஷயத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியவர்கள் அற்பம் என்று தள்ளிவிடுவதால் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்றும் கவனித்தோம். இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு அரை நொடி இருக்கிறது. பிள்ளை பேசுவதற்கு முன்னால், சிரிப்பதற்கு முன்னால், கண் ஒருமுறை மற்றவர்கள் முகத்தைச் சுற்றி வந்துவிடும். நல்ல நடிகர்கள் அதைத் துல்லியமாகச் செய்வார்கள். அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டோம். ரிமோட் பிள்ளைகள் கையில், அந்தப் பார்வை வரும்போது யார் முதலில் 'ஸ்டாப்' சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு புள்ளி. கருத்துச் சொல்லக்கூடாது, பிடித்தால் போதும், படம் தொடரும். எழுந்துபோகிற மகன் இதற்காகவே உட்கார ஆரம்பித்தான், போட்டி என்றால் விடமாட்டான். கொஞ்ச நாளில் படத்துக்கு வெளியிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, "இன்னைக்கு ஒருத்தி சார் சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கிறதுக்கு முன்னாடி சுத்திப் பார்த்தாம்மா" என்றாள் மகள். அவள் அப்போது சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுதான் இந்த விளையாட்டின் விதி.

பிள்ளைகளோடு படம் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். "நீயா இருந்தா என்ன பண்ணுவே?", "உங்க ஸ்கூல்லயும் இப்படித்தானா?", "இதுல இருந்து என்ன தெரியுது?" இந்த மூன்றையும் கேட்காதீர்கள். மூன்றும் பரீட்சைக் கேள்விகள், பிள்ளைகளுக்குச் சரியான பதில் தெரியும், அதைச் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விடுவார்கள். கதாபாத்திரத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள், அதிலும் நாயகனையோ வில்லனையோ விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவர்களைப் பற்றி. இரண்டாவதாகச் சிரித்தவள் யார்? அவளுக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்ததா? ஓரத்தில் இருப்பவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் பிள்ளைகள் தங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், ஏனென்றால் பெரும்பாலான நாட்களில் அவர்கள் நிற்பதும் அங்கேதான்.

மகனுக்கு ஒத்துவந்த படம் 1955இல் வந்தது, அதில் கார் இருக்கிறது என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். நிக்கோலஸ் ரே இயக்கிய 'ரெபல் வித்தவுட் எ காஸ்'. ஊருக்குப் புதிதாக வந்த ஜிம் (ஜேம்ஸ் டீன்), கோழை என்று யாராவது சொன்னால் தாங்க மாட்டான். உள்ளூர்க் கூட்டத்தின் தலைவன் பஸ்ஸோடு பந்தயம்: இருவரும் ஆளுக்கொரு காரை மலை விளிம்பை நோக்கி ஓட்ட வேண்டும், முதலில் குதிப்பவன் கோழை. பந்தயத்துக்குச் சற்று முன்னால் இருவரும் விளிம்பில் நின்று பேசும் காட்சியை நாங்கள் திரும்பவும் போட்டுப் பார்த்தோம். பஸ்ஸுக்கு ஜிம்மைப் பிடித்திருக்கிறது, அதைச் சொல்லவும் செய்கிறான். அப்படியானால் ஏன் இதைச் செய்கிறோம் என்று ஜிம் கேட்கிறான். ஏதாவது செய்தாக வேண்டுமே என்கிறான் பஸ். இருவருக்கும் பகை இல்லை, ஆசையும் இல்லை, ஆனால் பின்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. பஸ்ஸின் சட்டைக் கை கார்க் கதவுப் பிடியில் மாட்டிக்கொள்கிறது, அவன் குதிக்க முடியாமல் காரோடு விழுகிறான். எழுபது வருடப் பழைய படம், சில இடங்களில் நடிப்பு மிகை, ஆனால் அந்த இரண்டு நிமிடப் பேச்சுக்கு இன்னும் வயதாகவில்லை.

அந்தப் படத்தில் இன்னொரு காட்சி பெற்றோருக்கானது. மானப் பிரச்சினை வந்தால் என்ன செய்வது என்று ஜிம் அப்பாவிடம் கேட்கிறான், இப்போதே பதில் வேண்டும் என்கிறான். அப்பா நல்லவர். சாதக பாதகங்களைப் பட்டியல் போட்டுப் பார்க்கலாம், காகிதம் எடுத்துவா என்கிற ரகம். மகன் அந்த இடத்தில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். நானும் பட்டியல் போடுகிற ஆள்தான்.

இதோடு சேர்த்து ஒரு ஆராய்ச்சியையும் அவனுக்குச் சொன்னேன், கார் இருப்பதால் கேட்டுக்கொண்டான். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்டது. 13 முதல் 16 வயதுக்காரர்கள், 18 முதல் 22 வயதுக்காரர்கள், 24ம் அதற்கு மேலும் என்று மூன்று பிரிவாக 306 பேர். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் ஓட்டினால் புள்ளி கூடும், ஆனால் மோதினால் போயிற்று. விளையாட்டின் பேரே 'சிக்கன்', அதாவது அந்தப் படத்தில் வரும் அதே கோழைப் பட்டம். சிலர் தனியாக விளையாடினார்கள், சிலர் சகவயது ஆட்கள் இரண்டு பேர் கூட இருக்கும்போது. பதின்வயதினர், பக்கத்தில் ஆள் இருந்தபோது தனியாக ஆடியவர்களைவிட மிக அதிகமாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. ஆபத்து தெரியாமல் செய்கிறார்கள் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போகிறது, தனியாக இருக்கும்போது தெரிந்துதானே நிதானமாக ஆடினார்கள்?

இதிலிருந்து நான் நடைமுறையில் எடுத்துக்கொண்டது, பிள்ளையின் நண்பர்களைக் கூட்டமாகப் பார்த்து முடிவு கட்டக்கூடாது என்பது. மகனின் சிநேகிதர்களில் எனக்கு ஆகாத ஒருவன் இருந்தான். நாலு பேராக வந்தால் அவன் பேச்சே காது கொடுத்துக் கேட்க முடியாது. தனியாக ஒருநாள் வந்தான், செருப்பை ஒழுங்காக விட்டுவிட்டு உள்ளே வந்து, "ஆன்ட்டி, இவன் ரெக்கார்ட் நோட்டு வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று நின்றான், ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு நண்பர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டோம். அவனோடு சேராதே என்று சொல்வதைவிட இது பலன் தருகிறது, பிள்ளைக்கும் தன் நண்பன் தனியாக யார் என்று தெரியவருகிறது.

இன்னொன்று, தப்பிக்க வழி. கூட்டத்தின் நடுவில் கொள்கை பேசி வெளியேறும் தைரியம் பெரியவர்களுக்கே அபூர்வம், பிள்ளைகளிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம். என்னைக் கெட்டவளாக்கிக்கொள்ள இருவருக்கும் முழு அனுமதி கொடுத்திருக்கிறேன். "எங்கம்மா ஒரு மாதிரி, போன் செக் பண்ணுவாங்க, வாசனை பாத்தாலே கண்டுபிடிச்சுடுவாங்க", என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். மெசேஜில் அனுப்ப ஒரு சாதாரணச் சொல்லும் பேசி வைத்திருக்கிறோம், அது வந்தால் நான் உடனே போன் செய்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி "கிளம்பி வா" என்று கத்துவேன். போய் அழைத்தும் வருவேன். ஒரே நிபந்தனை என் மேல்தான்: அன்றைக்கு எதையும் விசாரிக்கக்கூடாது. இதுவரை அதிகம் பயன்படவில்லை, ஆனால் வந்தபோது விதியைக் காப்பாற்றினேன், நாக்கைக் கடித்துக்கொண்டு.

வீட்டில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது ஜான் ஹியூஸின் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985). ஐந்து மாணவர்கள், ஐந்து வேறு வேறு வட்டங்கள், தண்டனையாக ஒரு சனிக்கிழமை முழுக்கப் பள்ளி நூலகத்தில் அடைபட்டிருக்கிறார்கள். படம் முழுக்கப் பேச்சுதான். மாலைக்குள் அழுது, சிரித்து, நெருங்கிவிடுகிறார்கள். அப்போது பிரையன் என்ற படிப்பாளிப் பையன் ஒரு கேள்வி கேட்கிறான்: திங்கட்கிழமை என்ன ஆகும், நாம் அப்போதும் நண்பர்கள்தானா? பள்ளியில் செல்வாக்கான கிளேர், இல்லை என்று நினைப்பதாக உள்ளதைச் சொல்லிவிடுகிறாள். மற்றவர்கள் அவளைக் கிழிக்கிறார்கள். தன் தோழிகள் சொல்வதற்கெல்லாம் ஒத்துப்போக வேண்டியிருப்பதே தனக்கு வெறுப்பாக இருக்கிறது என்றும் அவள் சொல்கிறாள். பிறகு ஏன் ஒத்துப்போகிறாய் என்பதற்கு அவளிடம் தெளிவான பதில் இல்லை.

மகன் கிளேர் பக்கம். "அவ ஒருத்திதான்மா நெசம் பேசுறா, மத்தவங்க எல்லாம் சீன் போடுறாங்க" என்றான். மகள் விடவில்லை. "தெரிஞ்சே செய்யறது இன்னும் மோசம், தெரியாம செஞ்சாலாவது பரவாயில்ல". அன்று இரவு தொடங்கியது மறுநாளும் ஓயவில்லை. நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. பேசாமல் இருந்தது எவ்வளவு நல்லது என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. நான் பாத்திரம் கழுவிக் கொடுக்க அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்காமல், "நானும் திங்கட்கிழமை அப்படித்தான் பண்ணேன்" என்றாள். காணாமல் போயிருந்த அந்தப் பழைய பேர் திரும்ப வந்தது. சண்டையே இல்லையாம். விடுமுறை முழுக்க ஒன்றாக இருந்த தோழி, பள்ளி திறந்த அன்று உணவு இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார வந்திருக்கிறாள். புதுக் கூட்டம் எதுவும் சொல்லவில்லை, ஒருத்தி மட்டும் லேசாக நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். இவள் பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தட்டைக் கொடுத்தேன். அந்த மாதிரி நேரத்தில் எவ்வளவோ சொல்ல வாய் துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் நின்று கை வேலையாக இருக்கும்போதுதான் இந்தப் பேச்சு வரும், நேருக்கு நேர் உட்கார வைத்தால் வராது, படம் முடிந்த கையோடும் வராது. அவள் அந்தத் தோழிக்கு அப்புறம் ஏதோ மெசேஜ் அனுப்பினாள் என்று தெரியும். பழைய நெருக்கம் திரும்பவில்லை. பார்த்தால் பேசிக்கொள்கிறார்கள்.

'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' படத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. யாரோடும் பேசாத அலிசனை முடிவில் அலங்காரம் செய்து 'அழகாக்கி', அப்புறம்தான் ஒரு பையன் பார்க்கிறான். தன் போக்கில் இருப்பதைப் பற்றிய படம் கடைசியில் போய் இப்படி முடிகிறதே என்று மகள் கடுப்பானாள். கிளேர் மேசைக்கு மேலே பேசிக்கொண்டிருக்கும்போது கீழே ஒளிந்திருக்கும் பையன் அவளிடம் அத்துமீறுவதும் சாதாரண வேடிக்கைபோல வந்துபோகிறது. கிளேராக நடித்த மோலி ரிங்வால்டே, மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது அவளோடு இதைப் பார்த்ததையும், அந்தக் காட்சி தன்னை எப்படி உறுத்தியது என்பதையும் 2018இல் 'தி நியூ யார்க்கர்' இதழில் எழுதியிருக்கிறார். பழைய படங்களைக் காட்டும்போது இந்த மாதிரி இடங்களை ஓட்டிவிடாமல், "இது தப்பு" என்று ஒரு வரியாவது சொல்லிவிடுவது நல்லது.

அதே படத்தில் ஆண்ட்ரூ என்ற மல்யுத்த வீரன் ஏன் அங்கே வந்தான் தெரியுமா? பலவீனமான ஒரு பையனை உடைமாற்றும் அறையில் கொடூரமாக அவமானப்படுத்தியதற்காக. யாருக்காகச் செய்தான் என்று அவனே அழுதுகொண்டு சொல்கிறான்: அப்பாவுக்காக. இளமையில் தான் செய்த அட்டகாசங்களைப் பெருமையாகச் சொல்லும் அப்பா, மகன் அந்த மாதிரி எதுவும் செய்யாததில் ஏமாற்றம் அடைந்ததாக அவனுக்குத் தோன்றியிருக்கிறது. சகவயதினர் அழுத்தம் என்று நாம் விரலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பாதி அழுத்தம் வீட்டுக்குள்ளிருந்தே போகிறது. உறவுக்காரர்கள் முன்னால் பிள்ளையைப் பேச வைப்பது, "அவளுக்கு எத்தனை ஃபிரண்ட்ஸ் பாரு" என்பது, எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

'எய்ட்த் கிரேட்' (2018, இயக்கம் போ பர்னம்) மட்டும் மகளோடு நான் தனியாகப் பார்த்தேன். அண்ணன் வேண்டாம் என்று அவளே சொன்னாள், அதை மதித்தது நல்லதாகப் போயிற்று. 13 வயது கேய்லா தன்னம்பிக்கை பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறாள், பள்ளியிலோ அவளுக்கு 'மிக அமைதியானவள்' பட்டம். நீச்சல்குள விருந்துக்கு அழைத்தது வகுப்புத் தோழி அல்ல, தோழியின் அம்மா, அது எல்லோருக்கும் தெரியும். முகப்பருவைக்கூட மறைக்காமல் எடுத்திருக்கிறார்கள். பின்னால் காரில் ஒரு மூத்த பையன் விளையாட்டு என்ற சாக்கில் அவளை நெருக்கும் காட்சி இருக்கிறது. அவள் வேண்டாம் என்கிறாள், உறுதியாகவே சொல்கிறாள். சொன்ன பிறகு மன்னிப்பும் கேட்கிறாள், அவன் கோபித்துக்கொள்வானோ என்று. மகள் அங்கே ரிமோட்டை அழுத்தி, "இவ எதுக்கு சாரி சொல்றா?" என்று எரிந்தாள். 'வேண்டாம்' சொல்லப் பழக்குகிற நாம், சொன்ன பிறகு வரும் அந்தக் குற்ற உணர்வைப் பற்றி எதுவும் சொல்லித்தருவதில்லை. எதிராளியின் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அதைச் சரிசெய்வது உன் வேலை இல்லை என்பதை அன்றைக்குத்தான் அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். நான் அறிவுரை என்று சொன்ன ஒரே வாக்கியம் அதுவாக இருக்கும். அவளே கேட்டதால் எடுபட்டது. வேடிக்கை என்னவென்றால் எட்டாம் வகுப்பு மாணவியைப் பற்றிய இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ். அந்த வயதுக்காரர்கள் பெரியவர் துணையில்லாமல் போக முடியாது. அதனால் தயாரிப்பு நிறுவனமே ஒருநாள் இரவு 50 மாநிலங்களிலும் வயதுக் கட்டுப்பாடு பார்க்காமல் இலவசமாகத் திரையிட்டது.

படத்தில் கேப் என்று ஒரு அசட்டுப் பையன் வருகிறான். நீச்சல்குளத்தில் மூச்சை அடக்கும் போட்டி வைப்பான், தன்னை யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாதவன். அவன் ஒருவன் இருப்பதால் கேய்லாவுக்கு மூச்சு வருகிறது. சாலமன் ஆஷ் 1950களில் செய்த புகழ்பெற்ற சோதனை இதற்குப் பொருந்தும். கோடுகளில் எது சம நீளம் என்று கேட்பார்கள், குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் சுற்றி இருக்கும் எல்லோரும் (அவர்கள் ஏற்கெனவே பேசி வைக்கப்பட்ட ஆட்கள்) தவறான பதிலைச் சொல்லும்போது, மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகிப்போயின. சோதிக்கப்பட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் போதும், அந்தத் தவறுகள் மளமளவென்று குறைந்துவிட்டன. கூட்டத்தையே எதிர்க்கும் வீரம் தேவையில்லை, கூட ஒரு ஆள் தேவை. அதனால் நண்பர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். யார் முன்னால் முட்டாள்தனமாக இருந்தாலும் கவலையில்லையோ, அப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கிறேன். வகுப்புக்கு வெளியே இருந்தாலும் சரி, வேறு வயதாக இருந்தாலும் சரி.

காட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டிய படமும் உண்டு. லூகாஸ் தோன்ட் இயக்கிய பெல்ஜியப் படம் 'க்ளோஸ்' (2022), கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ பரிசைப் பகிர்ந்துகொண்டது. லியோ, ரெமி என்ற 13 வயது உயிர்த்தோழர்கள். பள்ளியில் ஒரு பெண், நீங்கள் இருவரும் ஜோடியா என்று கேட்கிறாள், மிரட்டலாகக்கூட இல்லை, சாதாரணமாக. அதற்கப்புறம் புல்வெளியில் ரெமி தலை சாய்க்கும்போது லியோ நகர்ந்து படுக்கிறான். நகர்ந்துகொண்டே போகிறான். நான் பார்த்ததிலேயே அந்த அரை நொடியை இவ்வளவு கூர்மையாகக் காட்டியது இந்தப் படம்தான். ஆனால் பாதியில் ரெமி உயிரை மாய்த்துக்கொள்கிறான். பெரியவர்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, இப்படி ஒன்று வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் காட்ட வேண்டும், அந்த மாதிரி இழப்பையோ நினைப்பையோ அருகில் கண்ட பிள்ளைக்குக் காட்டாமலே விடலாம். மகன் பார்த்தான், பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. எதற்குமே பதில் சொல்லாதவன், மறுநாள் ரெமியின் அம்மாவைப் பற்றி அவனாகவே கேட்டான்.

வரிசை என்று கேட்டால், 'இன்சைட் அவுட் 2'இல் ஆரம்பியுங்கள், 'லேடி பேர்ட்', 'எய்ட்த் கிரேட்' இரண்டும் கொஞ்சம் மூத்த பிள்ளைகளுக்கு, 'க்ளோஸ்' கடைசியில், 'தர்ட்டீன்' உங்களுக்கு மட்டும். 'மீன் கேர்ள்ஸ்' (2004) பற்றி எனக்கு இரண்டு மனது. கணக்கில் கெட்டிக்காரியான கேடி, ஒரு பையன் உதவிக்கு வரவேண்டும் என்பதற்காகக் கணக்கே தெரியாததுபோல நடிப்பது அருமையான காட்சி. ஆனால் பிள்ளைகள் மனதில் நிற்பது வில்லி ரெஜினாதான், அவள் உடைதான். புதன்கிழமை இளஞ்சிவப்பு அணிய வேண்டும் என்று அந்தக் கூட்டம் வைத்திருக்கும் விதியைப் படம் கேலி செய்கிறது, ரசிகர்களோ இன்றைக்கும் புதன்கிழமை அதே நிறத்தில் உடுத்திக்கொண்டு புகைப்படம் போடுகிறார்கள்.

மகளும் அந்தப் படத்தைத் தன் தோழிகளோடு, அந்தப் புதுக் கூட்டத்தோடுதான், எங்கள் வீட்டிலேயே இன்னொரு தடவை பார்த்தாள். நான் உள்ளே போகவில்லை. என்னோடு பார்த்தபோது அவள் சிரிக்காத இடங்களில் எல்லாம் அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. நடுவில் ஒருமுறை "ஸ்டாப், ஸ்டாப்" என்று அவள் கத்துவதும், எதற்குடி நிறுத்தினே என்று மற்றவர்கள் கேட்பதும் கேட்டது. ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த பத்து நிமிடத்துக்குள் நாலு பேரும் மாறி மாறி ஸ்டாப் சொல்லி, புள்ளிக் கணக்கில் சண்டை வந்து, படத்தை முடிக்கவே இல்லை.